330 வேண்டும் என்று உங்களிடம் யார் கேட்டது?

வாசகர் கேள்வி: மிஸ், என் ஊர் களுவாஞ்சிக்குடி. வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் சிறப்புப் பட்டம் முடித்து, அங்கேயே தற்காலிக டெமொன்ஸ்ட்ரேட்டராக இருக்கிறேன். கிழமையில் மூன்று நாள் ஏ.எல். பிள்ளைகளுக்கு வகுப்பும் எடுக்கிறேன். அடுத்த வருசம் அமெரிக்காவில் பி.எச்.டி. செய்யப் போக விருப்பம். விண்ணப்ப முடிவுத் திகதிகள் டிசம்பர் 15 அளவில் வருகின்றன, இப்போது ஜூலை. அங்கே மேற்படிப்பு அனுமதிக்கு எழுதும் ஜி.ஆர்.ஈ. பரீட்சையில் 330 புள்ளி இல்லாவிட்டால் விண்ணப்பிப்பதே வீண் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். ஃபோனில் ஒரு மாதிரிப் பரீட்சை செய்து பார்த்தேன், கணிதம் 157, ஆங்கிலம் 143. என் கூட்டாளி ஒருவர் ஒரே மாதம் படித்து 322 எடுத்தார். இரண்டு மாதத்தில் எனக்கு 330 வருமா? எப்படிப் படிக்க வேண்டும்? வேலையை விட்டுவிட்டுப் படிக்கவா? இவ்வளவு காசு கட்டி இதை எழுதத்தான் வேண்டுமா என்று அம்மா கேட்கிறார்.

பதில்:

தம்பி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், உங்கள் 157ஐயும் 143ஐயும் கூட்டி வரும் 300இல் இருந்து 330க்கு இரண்டு மாதத்தில், அதுவும் வேலைக்கும் போய் வகுப்பும் எடுத்துக்கொண்டு, வராது. வந்தவர்கள் எங்கேயாவது இருக்கலாம், ஆனால் அவர்களை வைத்து நீங்கள் திட்டம் போடக்கூடாது. நல்ல செய்தி என்னவென்றால், உங்களுக்கு 330 தேவைப்படுமா என்பதே சந்தேகம்தான். அம்மா கேட்ட கேள்விதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான கேள்வி, அதில் இருந்தே தொடங்குவோம்.

2020க்குப் பிறகு அமெரிக்காவில் நிறையத் துறைகள் ஜி.ஆர்.ஈ.யைக் கட்டாயம் என்ற இடத்தில் இருந்து எடுத்துவிட்டன. இப்போது மூன்று வகை இருக்கின்றன: கட்டாயம் கேட்கும் துறைகள், விரும்பினால் அனுப்பு என்று சொல்லும் துறைகள், அனுப்பினாலும் பார்க்கமாட்டோம் என்று சொல்லும் துறைகள். ஒரே பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பௌதிகவியல் ஒரு மாதிரியும் பொறியியல் இன்னொரு மாதிரியும் இருக்கும், அதனால் பல்கலைக்கழகத்தின் முகப்புப் பக்கத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், துறையின் சொந்தப் பக்கத்தில் பட்டதாரி மாணவர் அனுமதி என்ற பகுதிக்குப் போய் இந்த வருசத்துக்கான வரியை வாசியுங்கள், விளங்காவிட்டால் துறை அலுவலகத்துக்கு இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல் போடுங்கள், பெரும்பாலும் பதில் போடுவார்கள். பௌதிகவியலுக்கென்று தனியாக ஒரு பாடப் பரீட்சையும் ஜி.ஆர்.ஈ.யில் உண்டு. அதையும் பல துறைகள் கைவிட்டுவிட்டன, ஆனால் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அது வருசத்தில் குறிப்பிட்ட காலங்களில் மட்டும்தான் நடக்கும்.

இந்த வேலைக்கு ஒரு சனிக்கிழமை போதும். 8 அல்லது 10 துறைகளை ஒரு கொப்பியில் எழுதி, பக்கத்தில் கட்டாயம், விருப்பம், பார்ப்பதில்லை என்று குறியுங்கள். சில துறைகள் போன வருசம் எடுத்த மாணவர்களின் சராசரிப் புள்ளியையும் போட்டிருப்பார்கள், அது கிடைத்தால் தங்கம், அதையும் குறியுங்கள். எல்லாமே 'பார்ப்பதில்லை' என்று வந்தால், அம்மா சொன்னதுதான் சரி, 220 டொலரை மிச்சம் பிடியுங்கள். ஒரு டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலே அது 66,000 ரூபாய், டெமொன்ஸ்ட்ரேட்டர் சம்பளத்தில் அது சின்னக் காசு இல்லை. பாதிக்கு மேல் கட்டாயம் அல்லது விருப்பம் என்று வந்தால் எழுதலாம். நம்முடைய பல்கலைக்கழகங்களின் பெயரை அங்கே இருக்கிற தெரிவுக்குழு அதிகம் அறிந்திருக்காது, அப்படிப்பட்ட இடத்தில் ஒரு நல்ல கணிதப் புள்ளி உதவும் என்பது என் கருத்து.

இனி 330. இந்த எண் எங்கே இருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் பயிற்சி வகுப்பு விற்பவர்களிடம் இருந்துதான். பரீட்சையை நடத்தும் ஈ.டி.எஸ். நிறுவனமே, மொழி, கணிதம், எழுத்து மூன்றையும் வெவ்வேறு அளவீடுகளாகத்தான் பார்க்க வேண்டும், ஒரு வெட்டுப்புள்ளியை மட்டும் வைத்து ஆளைத் தள்ளக்கூடாது என்று பல்கலைக்கழகங்களுக்குச் சொல்கிறது. மொழிக்கும் கணிதத்துக்கும் தனித்தனியே 130 முதல் 170 வரை புள்ளி, எழுத்துக்கு 0 முதல் 6 வரை. கூட்டி 330 என்று சொல்வது நாங்களாகப் பழகிக்கொண்ட கணக்கு. அந்தக் கூட்டலில் ஒரு பெரிய ஏமாற்று இருக்கிறது: மொழியில் 160 எடுத்தவர் எழுதியவர்களில் 80 வீதத்துக்கும் அதிகமானவர்களை விட மேலே நிற்பார், கணிதத்தில் அதே 160 எடுத்தவர் கிட்டத்தட்ட நடுவில்தான் நிற்பார். உலகம் முழுவதும் இருந்து பொறியியலும் கணினியும் படித்தவர்கள் வந்து கணிதப் பக்கத்தை நிரப்பிவிடுகிறார்கள், அதனால்தான் அப்படி. மொழிப் பகுதியின் சராசரி 151 அளவில், கணிதத்தின் சராசரி அதைவிட ஆறேழு புள்ளி கூட. ஆகவே பௌதிகவியல்காரரான உங்களுக்கு 157 என்பது நீங்கள் நினைப்பதை விடப் பலவீனம், மொழியில் 150 எடுத்தால் அது நீங்கள் நினைப்பதை விடப் பரவாயில்லை.

நாங்கள் ஏ.எல். முடித்து வந்த ஆட்கள். பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் தசமத்துக்குப் பின்னால் நாலாவது இலக்கத்தில் மெடிசின் போனவரையும் போகாதவரையும் தெரியும் நமக்கு. அந்தப் பயத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். இங்கே ஒரே ஆள் இரண்டு கிழமை விட்டு எழுதினாலே இரண்டு புள்ளி கூடும், குறையும், அந்த அளவு ஆட்டம் இந்தப் பரீட்சைக்குள்ளேயே இருக்கிறது. தெரிவுக்குழுவுக்கும் அது தெரியும். 163க்கும் 165க்கும் நடுவில் உங்கள் வாழ்க்கை தொங்கவில்லை. அவர்கள் முதலில் பார்ப்பது ஆய்வு அனுபவம், பரிந்துரைக் கடிதங்கள், என்ன செய்ய வருகிறீர்கள் என்று நீங்கள் எழுதும் கூற்று, பட்டச் சான்றில் பாடப் புள்ளிகள். பரீட்சைப் புள்ளி அதற்குப் பிறகு.

அந்த 157, 143 இரண்டையும் நான் முழுதாக நம்பவும் இல்லை. ஃபோனில், இடையிலே வட்ஸ்அப் வந்து விழ, எந்தத் தளம் என்றே தெரியாத ஒரு தளத்தில் செய்தது. ஈ.டி.எஸ். தானே பவர்பிரெப் என்று இரண்டு முழு மாதிரிப் பரீட்சைகளை இலவசமாகத் தருகிறது, உண்மைப் பரீட்சையைப் போலவே நடந்து மொழிக்கும் கணிதத்துக்கும் புள்ளியும் தரும். அதில் ஒன்றை இந்தக் கிழமையே ஒரு மடிக்கணினியில், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரே இருப்பில் செய்யுங்கள். மற்றதைத் தொடவே வேண்டாம், பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது அது தேவைப்படும். 2023 செப்டம்பரில் பரீட்சையைச் சுருக்கிவிட்டார்கள், இப்போது மொத்தமே 1 மணித்தியாலம் 58 நிமிடம்தான், அதனால் பழைய நாலு மணித்தியாலக் கதைகளையும் பழைய புத்தகங்களில் இருக்கிற நேரக் கணக்குகளையும் விட்டுவிடலாம். முதலில் ஒரு கட்டுரைக்கு 30 நிமிடம். பிறகு மொழியில் 12 கேள்விக்கு 18 நிமிடமும் 15 கேள்விக்கு 23 நிமிடமும், கணிதத்தில் 12 கேள்விக்கு 21 நிமிடமும் 15 கேள்விக்கு 26 நிமிடமும். முதல் பிரிவில் எப்படிச் செய்கிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் இரண்டாம் பிரிவு கடினமாகவோ இலகுவாகவோ வரும், முதல் 12ஐக் கவலையீனமாக விட்டால் பிறகு மேல் புள்ளிகளுக்கு ஏற வழி இருக்காது. பிழைக்குப் புள்ளி கழிப்பதில்லை, ஒரு பிரிவுக்குள் முன்னுக்குப் பின்னுக்குப் போய்வரலாம், அதனால் ஒரு கேள்வியும் வெறுமையாக விடப்படாது.

சரி, இலக்கை எப்படிப் போடுவது? உங்கள் பக்கம் வயல் செய்கிற ஆட்களைக் கேளுங்கள், சிறுபோகத்துக்கு முந்திய கூட்டத்தில் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவெடுப்பார்கள், ஆசைப்பட்ட ஏக்கரைச் சொல்லிவிட்டுத் தண்ணீரைத் தேடமாட்டார்கள். உங்களிடம் இருக்கிற தண்ணீர் மணித்தியாலம். அதை எண்ணிப் பார்ப்போம். வகுப்பில்லாத மூன்று பின்னேரங்களில் இரண்டு மணித்தியாலம், வந்தாறுமூலையில் இருந்து களுவாஞ்சிக்குடிக்கு பஸ்ஸில் வந்து முகம் கழுவித் தேத்தண்ணி குடித்த பிறகு அதற்கு மேல் மூளை ஓடாது. சனி காலை நாலு மணித்தியாலம். கிழமைக்கு 10. ஜூலை நடுவில் தொடங்கிச் செப்டம்பர் கடைசிக் கிழமையில் எழுதினால் 10, 11 கிழமை கிடைக்கும், 105 மணித்தியாலம் என்று வையுங்கள். அதில் மண்டூர்த் திருவிழா வருகிறது, ஒரு கலியாண வீடாவது வரும், ஒரு காய்ச்சல் வரும், பின்னேரம் கரண்ட் போகும் நாள் வரும். கையில் நிற்பது 85, 90தான். அதை ஒளிக்காமல் இப்போதே ஒப்புக்கொண்டால் செப்டம்பரில் குற்ற உணர்ச்சி வராது.

90 மணித்தியாலத்துக்கு என் கணக்கு இது: கணிதத்தில் 163, மொழியில் 149, எழுத்தில் 3.5. பவர்பிரெப்பில் உங்கள் தொடக்கம் இதைவிட நல்லதாக வந்தால் இரண்டு மூன்று புள்ளி கூட்டிக்கொள்ளுங்கள், குறைவாக வந்தால் குறைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கொப்பியில் 'கட்டாயம்' என்று போட்ட துறைகளின் சராசரி இதைவிட வெகு தூரத்தில் இருந்தால், அந்தத் துறைகளில் ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மாற்றுங்கள். பல்கலைக்கழகத்துக்கு ஏற்றபடி புள்ளியை இழுத்துக்கொண்டு போவதை விட, புள்ளிக்கு ஏற்றபடி பட்டியலைத் திருத்துவது மலிவு. உங்கள் கூட்டாளியின் 322ஐப் பற்றி ஒன்றே ஒன்று: அவர் முதல் நாள் எத்தனையில் நின்றார் என்று கேட்டுப் பாருங்கள். 315இல் நின்றிருந்தால் அந்த ஒரு மாதத்தில் அவர் ஏறியது ஏழு புள்ளி.

90 மணித்தியாலத்தில் 55ஐக் கணிதத்துக்குக் கொடுங்கள். பௌதிகவியல் படித்த ஆளுக்கு இதென்ன என்று நினைப்பீர்கள், இந்தப் பரீட்சையின் கணிதத்தில் நுண்கணிதமும் இல்லை, திரிகோணகணிதமும் இல்லை, ஓ.எல்.லில் படித்ததும் அதற்குக் கொஞ்சம் மேலேயும்தான். அதனால்தான் வழுக்கும். ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைத் தீர்க்கிற பிள்ளைகள் வீதக் கணக்கில் விழுவதை வருசா வருசம் பார்க்கிறேன். ஓ.எல். கணிதத்தை நீங்கள் தமிழில் படித்தீர்கள், அப்புறம் பட்டப்படிப்பில் ஆங்கிலம், ஆனால் முதன்மை எண், மீதி, இடையம், நியம விலகல் போன்ற சின்ன வகுப்புச் சொற்களை ஆங்கிலத்தில் யாரும் உங்களுக்கு உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. ஈ.டி.எஸ். இலவசமாகப் போட்டிருக்கும் கணித மீட்டல் பி.டி.எஃப். ஒன்று இருக்கிறது, முதல் இரண்டு கிழமையும் அதை மட்டும் முழுதாக வாசித்து முடியுங்கள், சொற்பிரச்சினை அதிலேயே தீரும்.

அடுத்து, ஒப்பிடும் கேள்விகள். இரண்டு கணியங்களைத் தந்து எது பெரிது, சமமா, அல்லது சொல்ல முடியாதா என்று கேட்பார்கள். எக்ஸின் வர்க்கம் ஒரு பக்கம், எக்ஸ் மறுபக்கம். எங்கள் பிள்ளைகள் மனதுக்குள் 2, 3 போட்டுப் பார்த்து, வர்க்கம்தான் பெரிது என்று அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள். 1/2ஐப் போடுங்கள், வர்க்கம் சின்னதாகிவிடும். 0ஐப் போடுங்கள், சமன். விடை 'சொல்ல முடியாது'. ஒவ்வொரு ஒப்பீட்டுக் கேள்வியிலும் 0, 1, ஒரு பின்னம், ஒரு மறை எண் நான்கையும் போட்டுப் பார்க்கிற பழக்கம் கைக்கு வந்தாலே உங்களுக்கு இரண்டு மூன்று கேள்வி திரும்பிக் கிடைக்கும். கேத்திரகணித உருவங்களை அளவுக்கு வரைந்திருப்பார்கள் என்று நம்பவும் வேண்டாம், செங்கோணம் போலத் தெரிவது செங்கோணமாக இருக்கத் தேவையில்லை. வரைபுகளும் ஆள்கூற்றுத் தளமும் மட்டும் அளவுக்கு இருக்கும். பொருந்துவன எல்லாவற்றையும் தெரிவு செய் என்று வரும் கேள்வியில் ஒன்றைத் தவறவிட்டாலும் முழுப் புள்ளியும் போகும். திரையில் கணிப்பான் ஒன்று இருக்கும், அதைத் தொட்டுத் தொட்டு அழுத்துகிற நேரத்தில் இரண்டு கேள்வி போய்விடும், ஒரு கேள்விக்குக் கிடைப்பதே ஒன்றே முக்கால் நிமிடம்.

இதற்கு ஒரு பிழைக் கொப்பி வையுங்கள். பிழைத்த ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி: தெரியாமல் பிழைத்ததா, வாசிப்பில் பிழைத்ததா, நேரம் போதாமல் பிழைத்ததா. இரண்டு கிழமையில் அந்தக் கொப்பி உங்களைப் பற்றி நான் சொல்வதை விடக் கூடுதலாகச் சொல்லும். வாசிப்பில் பிழைக்கிறவர் இன்னும் நூறு கணக்குச் செய்து பயனில்லை, கேள்வியின் கடைசி வரியைத் திரும்ப வாசிக்கப் பழக வேண்டும். நூறு கேள்வி செய்து விடையைச் சரி பார்த்து மூடி வைப்பதை விட, நாற்பது செய்து ஒவ்வொரு பிழையையும் மூன்று நாள் கழித்துத் திரும்பச் செய்வது நல்லது. இதில் ஏ.எல். பழக்கம் ஒன்று குறுக்கே வரும்: நாங்கள் பாஸ்ட் பேப்பர் செய்து வளர்ந்த கூட்டம், பத்து வருசப் பேப்பரை மூன்று தரம் செய்தால் அதே மாதிரிக் கேள்வி வரும் என்ற நம்பிக்கை இரத்தத்தில் ஊறியிருக்கிறது. ஜி.ஆர்.ஈ.க்கு அப்படி வருசா வருசம் வெளிவரும் பேப்பர் இல்லை. போன மாதம் வந்த கேள்விகள் என்று டெலிகிராமில் யாராவது பி.டி.எஃப். அனுப்பினால் அது ஒன்றுக்கும் உதவாத குப்பையாகவோ, பிடிபட்டால் உங்கள் புள்ளியையே இரத்துச் செய்விக்கும் களவாகவோ இருக்கும், திறக்காமல் விடுங்கள்.

மொழிப் பகுதியைப் பற்றி உங்களுக்குக் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். 143ஐ 160 ஆக்க மூன்று மாதம் போதாது, அது பல வருச வாசிப்பால் வருவது. 149 ஆக்கலாம். 3,500 சொல் கொண்ட பட்டியலை வாங்கி அ முதல் ஃ வரை மனப்பாடம் செய்யத் தொடங்குவீர்கள் என்று தெரியும், வேண்டாம். நாளுக்குப் பத்துச் சொல், கிழமையில் ஆறு நாள், வகுப்பு நாட்களில் பஸ்ஸில் பார்த்தாலும் போதும், செப்டம்பருக்குள் 600 சொல் வரும். ஒவ்வொரு சொல்லையும் அது வந்த வசனத்தோடு எழுதுங்கள், வெறும் சொல்லும் பொருளுமாக எழுதினால் நாலு நாளில் போய்விடும். மொழிக் கேள்விகளில் பாதியளவு வாசித்து விளங்குவதுதான், அதனால் சனி காலையில் ஒரு மணித்தியாலமாவது நீங்கள் வழக்கமாக வாசிக்காத விசயத்தை வாசியுங்கள். பௌதிகம் வேண்டாம், வரலாறு, ஓவியம், உயிரியல், சட்டம். பத்தியை வாசித்துவிட்டு, எழுதியவர் யாரோடு சண்டை பிடிக்கிறார் என்று தமிழிலேயே ஒரு வரி எழுதிப் பாருங்கள், எழுத வந்தால் விளங்கியிருக்கிறது. விஞ்ஞானப் பத்தி வந்தால் கூடுதல் கவனம், உங்களுக்குத் தெரிந்த விஞ்ஞானத்தை வைத்து விடை சொல்லிவிடுவீர்கள். விடை அந்தப் பத்திக்குள் இருப்பதாக மட்டுமே இருக்க வேண்டும். வெற்றிடம் நிரப்பும் கேள்விகளில் விடைகளைப் பார்க்க முன்னமே வெற்றிடத்தில் என்ன மாதிரிச் சொல் வர வேண்டும் என்று உங்கள் சொந்தச் சொல்லில் போட்டுவிடுங்கள், 'ஆனாலும்', 'இருந்தபோதிலும்' என்று பொருள் தரும் ஆங்கிலச் சொற்கள் வசனத்தை எந்தப் பக்கம் திருப்புகின்றன என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. மூன்று வெற்றிடம் என்றால் மூன்றும் சரியாக வேண்டும், இரண்டு சரி என்று பாதிப் புள்ளி தரமாட்டார்கள்.

கட்டுரைக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வரக்கூடிய தலைப்புகள் முழுவதையும் ஈ.டி.எஸ். தன் தளத்தில் வெளிப்படையாகப் போட்டிருக்கிறது. ஆறு தலைப்பை எடுத்து 30 நிமிடம் வைத்துத் தட்டச்சுச் செய்யுங்கள். கையால் எழுத வேண்டாம், வேகமாகத் தட்டச்சு வராமல் பாதியில் நிற்கிற ஆட்கள்தான் அதிகம்.

எங்கே, எப்போது எழுதுவது என்பதில் எங்கள் பக்கத்து ஆட்கள் கவனம் வைப்பதில்லை. செப்டம்பர் கடைசி என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஏ.எல். பரீட்சை நவம்பரில் வந்தால் ஒக்டோபர் முழுக்க நீங்கள் செமினார் என்று ஓடிக்கொண்டிருப்பீர்கள், அப்போது படிக்க முடியாது. இரண்டு முறை எழுதுவதற்கு நடுவில் 21 நாள் இடைவெளி வேண்டும், எழுதிய பிறகு உத்தியோகபூர்வப் புள்ளி வர 8 முதல் 10 நாள் ஆகும், ஆகவே செப்டம்பரில் சொதப்பினாலும் ஒக்டோபர் கடைசியில் இரண்டாவது தரம் எழுத இடம் இருக்கும். நவம்பர், டிசம்பர் என்று தள்ளினால் மாரி பிடித்துவிடும். மட்டக்களப்பு, அம்பாறையில் அந்த மாதங்களில் வெள்ளம் வந்து றோட்டும் ரயிலும் கரண்டும் நிற்பது நமக்குப் புதிசா?

வீட்டில் இருந்தும் எழுதலாம், கட்டணமும் அதேதான். ஆனால் அறையில் வேறு ஆள் வரப்படாது, கதவு மூடியிருக்க வேண்டும், வெறும் காகிதத்தில் குறிப்பு எழுதப்படாது, அழிக்கக்கூடிய சிறிய வெள்ளைப் பலகையோ ஒளிபுகும் உறைக்குள் வைத்த தாளோதான் பாவிக்கலாம், நடுவில் இணையம் போனால் தலையிடி. பக்கத்துக் கோவிலில் ஒலிபெருக்கி கட்டினால் அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் கொழும்பில் நிலையத்தில் எழுதுவேன். ஆனால் இரவு பஸ்ஸில் ஏறிக் காலையில் இறங்கி அப்படியே போய் எழுத வேண்டாம், ஒரு நாள் முந்திப் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் ஒரு இரவு படுங்கள். இப்போதே சனிக்கிழமை மாதிரிப் பரீட்சைகளை, நீங்கள் எழுதப்போகும் அதே நேரத்தில் செய்து பழகுங்கள்.

இரண்டாவது தரம் எழுதுவதா என்ற முடிவையும் இப்போதே எழுதி வையுங்கள், புள்ளி வந்த அன்று எடுக்கிற முடிவு ஆத்திரத்தில் எடுக்கிற முடிவாக இருக்கும். என் யோசனை: கணிதம் 160க்குக் கீழே வந்தால் திரும்ப எழுதலாம். கணிதம் 163, மொழி 148 என்று வந்தால் அந்தக் காசை விண்ணப்பக் கட்டணங்களுக்கு வையுங்கள், ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியே டொலரில் கேட்கும். எழுதுகிற அன்று நாலு இடங்களுக்கு இலவசமாகப் புள்ளி அனுப்பலாம், அதனால் அந்த நாலு பெயரையும் முதலே தெரிந்துகொண்டு போங்கள். எந்த முறை எடுத்த புள்ளியை அனுப்புவது என்று தெரிவு செய்யும் உரிமையும் உங்களுக்கு உண்டு, புள்ளி ஐந்து வருசம் செல்லும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. பௌதிகவியல் பி.எச்.டி.க்கு அங்கே பெரும்பாலும் காசு கட்ட வேண்டியதில்லை, ஆய்வுகூட வகுப்போ பயிற்சி வகுப்போ எடுத்துக் கொடுத்து அதற்கான சம்பளத்தில் படிப்பீர்கள். அந்த வகுப்பு எடுக்க ஆங்கிலம் பேசத் தெரியும் என்று காட்டச் சொல்லுவார்கள், பல இடங்களில் டோஃபல், ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலப் பரீட்சைகளில் பேச்சுப் பகுதிக்குத் தனியாக ஒரு குறைந்தபட்சப் புள்ளி வைத்திருப்பார்கள். உங்களுக்கு ஜி.ஆர்.ஈ. மொழிப் பகுதியை விட அந்தப் பேச்சுப் புள்ளிதான் கதவைத் திறக்கவோ மூடவோ போகிறது. ஒக்டோபருக்குப் பிறகு அதற்கு இடம் வையுங்கள், இப்போதே ஆய்வுகூடத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தத் தொடங்குங்கள், சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பரிந்துரைக் கடிதம் எழுதப்போகும் லெக்சரர்களை ஓகஸ்டிலேயே போய்ப் பாருங்கள். டிசம்பர் 10ஆம் திகதி போய் நின்றால் நல்ல மனசுக்காரர்கூட இரண்டு பந்தியில் முடித்துவிடுவார்.

வேலையை விட வேண்டாம். ஆய்வுகூடத்தில் நிற்கிற ஒவ்வொரு மாதமும் உங்கள் விண்ணப்பத்தில் ஒரு வரி, அதை விட்டுவிட்டு வீட்டில் இருந்தால் நாளுக்கு எட்டு மணித்தியாலம் படிப்பீர்கள் என்று நினைக்கிறீர்கள், மூன்றாவது கிழமையில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓடாது. வகுப்புக் காசும் தேவை. வேண்டுமென்றால் செப்டம்பரில் மட்டும் ஒரு வகுப்பை நிறுத்தி வையுங்கள்.

பதிவு செய்யும்போது பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். அப்பா பெயர் எங்கே, உங்கள் பெயர் எங்கே, முதலெழுத்தா முழுப்பெயரா என்று எங்கள் ஆட்களுக்கு வருகிற குழப்பம் அங்கே யாருக்கும் விளங்காது, அடையாள ஆவணத்தில் இருக்கிற பெயரும் பதிவில் இருக்கிற பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், கட்டிய காசும் போகும். திகதியை மாற்றுவதென்றால் பரீட்சைக்கு நாலு நாளுக்கு முன்பே மாற்ற வேண்டும், அதற்கும் ஒரு கட்டணம் உண்டு. பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால், பவர்பிரெப்புக்கும் முந்தி அந்த வேலையைப் பாருங்கள்.